பெங்களூர்த் தமிழருக்கு ஒட்டுறவு அளவுகோல்: பேக் டிரான்ஸ்லேஷன் பொருந்திட்டா போதுமா?

அல்சூர்வாசி

வணக்கம். லீ, டிரேப்பர், லீ மூவரும் 2001-ல் திருத்தி வெளியிட்ட சோஷியல் கனெக்டட்னஸ் ஸ்கேலை (சுத்தி இருக்கறவங்களோட ஒருத்தருக்கு எவ்வளவு ஒட்டுறவுன்னு அளக்குற கேள்வித்தாள்) தமிழாக்கி, பெங்களூர்த் தமிழர்களிடம் வேலிடேட் பண்ணணும், அதாவது அளக்க வேண்டியதைச் சரியா அளக்குதான்னு சோதிக்கணும். 20 ஐட்டம் (வரி), ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 6 வரை விடை, பாதி நேர்மறை, பாதி எதிர்மறை. ஒருத்தர் தமிழாக்கம், இன்னொருத்தர் பேக் டிரான்ஸ்லேஷன் (தமிழை மறுபடி இங்கிலீஷாக்கறது), அஞ்சு நிபுணர், அப்புறம் கூகுள் ஃபார்ம்ல 200 பேர். அதுல பாதியை வச்சு இஎஃப்ஏ (ஐட்டங்கள் எத்தனை காரணியா, அதாவது கொத்தா, சேருதுன்னு தேடறது), மீதிப் பாதியை வச்சு சிஎஃப்ஏ (முன்கூட்டியே சொன்ன கொத்து தரவுக்குப் பொருந்துதான்னு பார்க்கறது). ஆட்களை சங்கம், கோயில், சர்ச் வாட்ஸ்அப் குழுக்கள் வழியா சேர்க்கலாம்னு இருக்கு. மூல ஆசிரியர் அனுமதியும் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலும் வந்தாச்சு. பேக் டிரான்ஸ்லேஷன் மூலத்தோட அச்சு அசலா பொருந்துது. இதுல எங்கே இடிக்கும்?

நெறியாளர்

மூல ஐட்டங்களை இங்கே ஒட்ட வேண்டாம், காப்புரிமை உண்டு. எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்.

சொல்லாய்வு

அச்சு அசலாகப் பொருந்துகிறது என்கிறீர்களே, என் முதல் சந்தேகமே அதில்தான். சொல்லுக்குச் சொல் மாற்றிய தமிழ்தான் பேக் டிரான்ஸ்லேஷனில் மிக அழகாகத் திரும்பிப் போகும். "என்னைச் சுற்றியுள்ளவர்களுடன் இணைக்கப்பட்டிருப்பதாக உணர்கிறேன்" என்று எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்துக்குப் போய்ச் சேரும், ஸ்ரீராம்புரத்தில் ஒரு வீட்டுக்குள் போகாது. அங்கே "இணைப்பு" என்றால் கேஸ், கரண்ட், கேபிள்.

இந்தத் தலைப்பில் வழுக்கும் சொற்களைச் சொல்லிவிடுகிறேன்.

"தொடர்பு" எழுத்தில் நல்ல பிள்ளை. பேச்சில் "அவனுக்கும் அவளுக்கும் தொடர்பு" என்றால் கதையே வேறு. திருமணமான பெண்களிடம் "பலருடன் எனக்குத் தொடர்பு உண்டு" என்று கேட்டால் பதில் மனநிலையை அளக்காது, மானத்தை அளக்கும். "நெருக்கம்" பாதி ஆபத்து. "நெருங்கிய சினேகிதி" பரவாயில்லை, "ஆட்களிடம் நெருக்கமாக இருக்கிறேன்" வேண்டாம். "தூரம்" இன்னொரு கண்ணி. வயதான பெண்கள் காதில் அது மாதவிலக்கையும் குறிக்கும். "விலகி" என்று போட்டால் சிக்கல் இல்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது "சமூகம்". "எங்க சமூகத்துல" என்று ஒருவர் தொடங்கினால் அவர் சாதியைச் சொல்கிறார். "சமூகத்தின் ஓர் அங்கமாக இருக்கிறேன்" என்ற வரிக்கு எல்லோரும் உச்ச மதிப்பெண் போட்டால் மகிழாதீர்கள். சாதிச் சங்கத்து உறுப்பினர் நிலைக்கு மதிப்பெண் வந்திருக்கலாம். "சொசைட்டி" என்று விட்டாலும் ஆபத்து, அபார்ட்மெண்ட் சங்கமோ கடன் சங்கமோ ஆகிவிடும். "சுத்தி இருக்கிற ஜனங்க", "பழகுற ஆளுங்க" என்று இறக்குங்கள்.

"தனியா இருக்கேன்" என்பது வீட்டு நிலவரம், மன நிலவரம் அல்ல. புதிதாகக் கல்யாணம் ஆனவருக்குத் தனிக்குடித்தனம் வரம்.

நம் மொழியிலேயே இந்தக் கருத்துக்குச் சொல் இருக்கிறது: ஒட்டுதல், ஒட்டுறவு. "யாரோடயும் ஒட்ட மாட்டேங்குது", "ஒட்டியும் ஒட்டாம இருக்கேன்". இவற்றைப் பேக் டிரான்ஸ்லேஷனில் கொடுத்தால் ஆங்கிலம் கொஞ்சம் கோணலாக வரும். அந்தக் கோணலைக் குழு உட்கார்ந்து பேசி ஏற்பதுதான் தழுவல். பியட்டன் குழுவின் 2000-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அதைத்தான் கேட்கிறது: இரண்டு தனித்தனித் தமிழாக்கம் (ஒருவர் துறை அறிந்தவர், மற்றவர் அறியாதவர்), இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்க்காத இருவரின் பேக் டிரான்ஸ்லேஷன், நிபுணர் குழு, பிறகு 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை. உங்கள் திட்டத்தில் முன்சோதனையே இல்லை.

அல்சூர்வாசி

முன்சோதனைன்னா 30 பேரிடம் ஃபார்மைக் கொடுத்து "புரிஞ்சுதா"ன்னு கேக்கறதுதானே?

சொல்லாய்வு

அப்படிக் கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது சார்" என்பார்கள். மரியாதைக்குச் சொல்லும் பதில் அது. காக்னிட்டிவ் இன்டர்வியூ செய்யுங்கள். ஒரு சுற்றுக்கு 8 முதல் 10 பேர். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இரண்டு கேள்வி போதும்: "இதை உங்க வார்த்தைல திருப்பிச் சொல்லுங்க", "யாரை மனசுல வச்சுப் பதில் சொன்னீங்க?" இரண்டாவது கேள்விதான் பொக்கிஷம். "பழகுறவங்க" என்றதும் ஒருவர் ஆபீஸை நினைப்பார், இன்னொருவர் நாத்தனாரை நினைப்பார். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் வரியை மாற்றி அடுத்த சுற்று. புதுத் தடுமாற்றம் வராத வரை போகும். பெரும்பாலும் மூன்று சுற்று.

பெங்களூருக்கே உரிய ஒரு சொல்லையும் கவனியுங்கள்: "பேஜார்". சென்னையில் அது தொல்லை. இங்கே கன்னடத்து "பேஜாரு" கலந்து, மனசு சோர்வு, சலிப்பு என்ற பொருளில் வருகிறது. பதிலாளர் வாயில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள், ஐட்டத்தில் போடாதீர்கள்.

கண்டோன்மெண்ட்_களம்

மொழி பத்தி எல்லாம் சரி. ஆனா அல்சூர்வாசி, உங்க ஆளுங்கள்ல எத்தனை பேருக்குத் தமிழ் படிக்க வரும்னு பார்த்தீங்களா? அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன் பக்கம் தலைமுறையா இருக்கறவங்க வீட்டுல முழுக்கத் தமிழ், பள்ளிக்கூடம் கன்னடம் இல்ல இங்கிலீஷ். பேசுவாங்க, எழுத்துக் கூட்ட வராது. 2001-ல் சுரங்கம் மூடின பிறகு கோலார் தங்கவயல்லேர்ந்து ரயில்ல வேலைக்கு வந்து போறவங்க ஒரு கூட்டம். எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் நேத்து வந்த ஐடி பிள்ளைங்க ஒரு கூட்டம், இவங்க மட்டும்தான் ஃபார்மைத் தமிழ்ல சரளமா படிப்பாங்க. தமிழ் எழுத்துல கூகுள் ஃபார்ம் விட்டீங்கன்னா மூணாவது கூட்டம்தான் வந்து விழும். அப்புறம் அதுக்கு "பெங்களூர்த் தமிழர்"னு பேர் வைக்க முடியாது.

இன்னொண்ணு. சங்கம், கோயில் குரூப், சர்ச் குரூப்ல இருக்கறவங்க ஏற்கெனவே ஒட்டுதலோட இருக்கறவங்க. ஒட்டுறவை அளக்க அங்கேயே ஆள் தேடினா மதிப்பெண் எல்லாம் மேல்கோடியில போய்க் குவியும், பரவல் சுருங்கும், எல்லாத் தொடர்பெண்ணும் சேர்ந்து சுருங்கும். பிஜி ஹாஸ்டல், கட்டட வேலை நடக்குற இடம், ஷிஃப்ட் முடியற நேரத்துல கார்மெண்ட்ஸ் வாசல், இங்கேயும் ஆள் எடுங்க.

ஃபார்ம்லயும் ஒரு குழி இருக்கு. கிரிட் கேள்வியா வச்சா சின்ன போன்ல பக்கவாட்டுல நகர்த்தணும். அஞ்சாவது, ஆறாவது கட்டம் கண்ணுக்கே தெரியாது. பதில் எல்லாம் இடது பக்கம் குவியும். திரைக்கு ஒரு கேள்வி, ஆறு விடையும் மேலிருந்து கீழா வைங்க.

அல்சூர்வாசி

படிக்க வராதவங்களுக்கு ஆள் வச்சு வாசிச்சுக் காட்டினா?

கண்டோன்மெண்ட்_களம்

பத்துக்குப் பன்னிரண்டு வீடு. மாமியார் கட்டில்ல, பையன் கதவோரம். "மனசு விட்டுப் பேச ஆள் இருக்கா?"ன்னு சத்தமா கேட்டா என்ன பதில் வரும்? அதனால ஒலிப்பதிவு, இயர்போன், கையில ஒரு அட்டை. அட்டையில 1 முதல் 6 வரை உயரம் கூடிக்கிட்டே போற ஆறு பட்டை. சிவப்பு, பச்சை வேண்டாம், சிவப்புன்னா தப்புன்னு நினைச்சுடுவாங்க. கேள்வி அவங்க காதுக்கு மட்டும், பதில் விரலால. பக்கத்துல இருக்கறவருக்கு எந்தக் கேள்விக்கு எந்த விரல்னு தெரியாது.

ஆறு படி ஒரே மூச்சுல கேட்டா "பரவாயில்ல", "அப்படியும் சொல்லலாம்"னுதான் வரும். ரெண்டு படியாப் பிரிங்க. முதல்ல "ஒத்துக்குறீங்களா, இல்லையா?" அப்புறம் "ரொம்பவா, ஓரளவா, கொஞ்சமா?" மூணு ரெண்டு ஆறு, கணக்கு சரி.

சொல்லாய்வு

"ஓரளவு", "கொஞ்சம்" இரண்டில் எது பெரிது என்பது ஆளுக்கு ஆள் மாறும். "சற்று" சேர்ந்தால் இன்னும் குழப்பம். ஐட்டம் எழுதும் முன்பே 20 பேரிடம் இந்தச் சொற்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்து (படிக்க வராதவர்களுக்கு வாசித்து), 10 செ.மீ. கோட்டில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு சீட்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அந்தச் சொல் படிக்கு ஆகாது. ஒரு மதிய வேலை. செய்யாமல் விட்டால் பிறகு எந்தப் புள்ளிவிவரமும் காப்பாற்றாது.

காரணிக்கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். வரிசையாக எழுத முயல்கிறேன்.

நிபுணர் ஐவர் என்றால் ஐட்டம் அளவிலான உள்ளடக்க ஏற்புக் குறியீடு (அந்த வரி பொருத்தம் என்றவர்களின் விகிதம்) 1.00 வந்தாக வேண்டும், ஒருவர் மறுத்தாலே விழும். ஆறு பேர் வையுங்கள். வரம்பு 0.78, ஒருவர் மறுத்தால் 0.83, தப்பிக்கும். இருவர் மறுத்தால் 0.67, திருத்த வேண்டும். நான்கு புள்ளிப் பொருத்த அளவையில் 3, 4 போட்டவர்களை எண்ணுங்கள். மொழியறிந்த ஒருவரும் களப்பணியாளர் ஒருவரும் அந்த ஆறில் இருக்கட்டும். ஆறும் உளவியல் பேராசிரியர்கள் என்றால் எல்லாவற்றுக்கும் 4 விழும்.

200-ஐப் பாதியாக வெட்டினால் 100, 100. இருபது வரிசைத்தர ஐட்டங்களுக்கு (படிகளுக்கு வரிசை உண்டு, சம இடைவெளி உறுதியில்லை) அது காணாது. மூலத்திலேயே ஒற்றைக் காரணி என்று சொல்லப்பட்டிருக்கும்போது இஎஃப்ஏ-வில் தொடங்கவும் தேவையில்லை. நேராக சிஎஃப்ஏ. அது உடைந்தால் மட்டும் வேறு ஆட்களின் தரவில் இஎஃப்ஏ, அப்போதும் காரணிகளை எண்ண ஐகன் மதிப்பு ஒன்றுக்கு மேல் என்ற விதியைத் தொடாதீர்கள். பேரலல் அனாலிசிஸ் (தற்செயல் தரவோடு ஒப்பிடும் முறை) போடுங்கள்.

ஆறு புள்ளி வரிசைத்தரத் தரவு, ஒரு பக்கம் சாய்ந்தும் இருக்கும். அதற்கு ஏற்றவை பாலிகோரிக் தொடர்பு, டபிள்யூஎல்எஸ்எம்வி மதிப்பீட்டு முறை. ஆர் மென்பொருளில் லாவான் தொகுப்பு இலவசம். ஆமோஸ் மென்பொருளில் அந்த முறை கிடையாது. பொருத்தக் குறியீடுகளுக்கு சிஎஃப்ஐ 0.95, ஆர்எம்எஸ்இஏ 0.06, எஸ்ஆர்எம்ஆர் 0.08 என்று எல்லோரும் எழுதும் வரம்புகள் ஹூ, பென்ட்லர் 1999-ல் தொடர்ச்சித் தரவுக்கு, மேக்ஸிமம் லைக்லிஹுட் முறையில் எடுத்தவை. இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஒட்ட முடியாது. லோடிங் (ஐட்டம் காரணியோடு எவ்வளவு ஒட்டுகிறது), எச்சத் தொடர்புகள் (காரணி விளக்காமல் மிஞ்சும் தொடர்பு) இரண்டையும் பாருங்கள். எந்த இணைப்பைச் சேர்த்தால் பொருத்தம் கூடும் என்று மாடிஃபிகேஷன் இண்டெக்ஸ் சொல்கிறதென்று ஒவ்வொரு கோடாகச் சேர்த்து 0.95-ஐத் தொடுவது வேலிடேஷன் ஆகாது, ஒட்டுப்போடும் வேலை.

ஆல்ஃபா (ஐட்டங்கள் தமக்குள் ஒத்துப்போகும் அளவு) 0.90 வந்தது என்று கொண்டாட வேண்டாம். ஐட்டங்களுக்கிடையே சராசரித் தொடர்பு வெறும் 0.30 என்றாலும் 20 ஐட்டத்துக்கு ஆல்ஃபா 0.896. நீளம் கொடுக்கும் எண் அது. லோடிங்கைக் கணக்கில் எடுக்கும் ஒமேகாவும் சேர்த்துக் கொடுங்கள்.

எதிர்மறை ஐட்டத்தைத் திருப்பும்போது 7-லிருந்து கழிக்க வேண்டும். 6-லிருந்து கழித்தால் 0 முதல் 5 ஆகிவிடும், மொத்தம் 20 முதல் 120 வரை என்ற வரம்பும் கெடும். ஒருமுறை திருப்பிய கோப்பை இன்னொருவர் மறுபடி திருப்பும் விபத்தும் வழக்கமானது. ஐட்டத்துக்கும் மீதித் தொகைக்குமான தொடர்பு கழித்தல் குறியில் வந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

அல்சூர்வாசி

முன்னோட்டமா 60 பேர்கிட்ட ஓட்டினதுல நேர்மறை ஒரு காரணி, எதிர்மறை ஒரு காரணின்னு பிரியுது. "ஒட்டுறவு", "அந்நியத்தனம்"னு ரெண்டு துணை அளவுகோலா வச்சுக்கலாமா?

காரணிக்கணக்கு

60 பேரில் எதுவும் பிரியும், எதுவும் சேரும். 600 பேரிலும் பிரியலாம், அப்போதும் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். பத்தில் ஒருவர் எதிர்மறையைக் கவனிக்காமல் நேர்மறைபோல் குறித்தாலே அப்படி ஒரு காரணி முளைக்கும். மூன்று மாதிரிகளை (மாடல்) ஒப்பிடுங்கள்: ஒற்றைக் காரணி, நேர், எதிர் என இரண்டு, ஒற்றைக் காரணியோடு எதிர்மறை வரிகளுக்கு மட்டும் ஒரு முறைக் காரணி (வாக்கிய அமைப்பால் மட்டும் வருவது). மூன்றாவதும் இரண்டாவதும் ஏறக்குறைய ஒரே அளவு பொருந்தும், பொருத்தக் குறியீடு தீர்ப்புச் சொல்லாது. வெளி அளவீடுகளோடு பாருங்கள். இரண்டு "காரணி"யும் யுசிஎல்ஏ தனிமை அளவுகோலோடும் மனச்சோர்வுக் கேள்வித்தாளான பிஎச்க்யூ-9-ஓடும் ஒரே வலுவில் தொடர்புபட்டால் (குறி மட்டும் மாறி) பிரிவு வெறும் வாக்கிய வேலை.

சொல்லாய்வு

அந்த வாக்கிய வேலை எங்கே நடக்கிறது என்று தமிழில் துல்லியமாகக் காட்டலாம். "மனசுல இருக்கறதைச் சொல்ல எனக்கு ஆளில்லை." கேட்டவர் "இல்லை" என்கிறார். ஆளில்லை என்று ஒத்துக்கொள்கிறாரா, நீங்கள் சொன்னது தப்பு என்கிறாரா? நம் பேச்சில் இரண்டும் நடக்கும். "ஆமா, இல்லை" என்பது சாதாரணப் பதில். அதன்மேல் "ஒத்துக்கொள்ளவில்லை" என்ற படியை ஏற்றினால் இரட்டை எதிர்மறை, மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வர வேண்டும்.

தீர்வு: "இல்லை", "மாட்டேன்", "முடியவில்லை" என்று இலக்கண எதிர்மறையில் முடிக்காமல், சொல்லிலேயே எதிர்மறை இருக்கட்டும். "மனசுல இருக்கறதை எனக்குள்ளயே பூட்டி வச்சுக்கறேன்." "கூட்டத்துல இருந்தாலும் விலகியே நிக்கறேன்." இவற்றுக்கு ஆமா என்றால் ஆமாதான்.

கண்டோன்மெண்ட்_களம்

அதைவிட எளிசு, எதிர்மறை பத்தையும் தூக்கிடுங்க. பத்து ஐட்டம், பாதி நேரம், குழப்பமே இல்ல.

காரணிக்கணக்கு

இதில் உடன்பாடில்லை, ஐயா. பத்தை எடுத்தால் அது லீ குழுவின் அளவுகோலே அல்ல, புதிய குறுவடிவம். அதற்குத் தனி அனுமதி, தனி வேலிடேஷன். பிற நாட்டு முடிவுகளோடு ஒப்பிடவும் முடியாது. தவிர, 20-க்கும் ஒரே எண்ணைக் குறித்தவரைப் பிடிக்கும் வலையே அந்தப் பத்துதான். எதிர்மறை இல்லாவிட்டால் அவர் "மிகுந்த ஒட்டுறவு உள்ளவர்" என்று கோப்பில் உட்கார்ந்திருப்பார். நீக்கும் விதியைத் தரவு சேர்க்கும் முன்பே எழுதி வையுங்கள்: திருப்புவதற்கு முன் 20-ம் ஒரே எண், அல்லது ஐட்டத்துக்கு 2 விநாடிக்கும் குறைவு.

கண்டோன்மெண்ட்_களம்

ஒலி வடிவத்துல 2 விநாடி விதி செல்லாது, கேள்வியே 5 விநாடி ஓடும். குழப்பத்தோட வர்ற பதிலை மாதிரியில சரிக்கட்டலாம்ங்கறது மேசைப் பேச்சு. இருந்தாலும் அனுமதி விஷயம் சரி, ஒத்துக்கறேன்.

காரணிக்கணக்கு

ஒலிக்கு வேறு விதி வேண்டும், உண்மை. அதுவே அடுத்த கேள்வியைக் கொண்டுவருகிறது. படித்தவர் சராசரியும் கேட்டவர் சராசரியும் வேறுபட்டால் காரணம் முறையா, மக்களா? படிக்க வராதவரைப் படிக்கும் குழுவில் போட முடியாது. ஆனால் படிக்க வருபவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு ஒலி கொடுக்கலாம். ஆக மூன்று அறை (குழு): படிக்க வரும் – படித்தார், படிக்க வரும் – கேட்டார், படிக்க வராது – கேட்டார். முதலிரண்டின் வேறுபாடு முறையைக் காட்டும், பின்னிரண்டின் வேறுபாடு மக்களைக் காட்டும். அறைக்கு 200.

வரிசைத்தரத் தரவில் இன்வேரியன்ஸ் (அளவுகோல் எல்லாக் குழுவிலும் ஒரே மாதிரி அளக்கிறதா என்பது) சோதிக்கும்போது முதலில் திரெஷோல்டு (ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு மாறும் எல்லை), பிறகு லோடிங், பிறகு இன்டர்செப்ட் (தொடக்க மட்டம்). ஓர் அறையில் "6"-ஐ யாரும் தொடாவிட்டால் மாதிரி முரண்டு பிடிக்கும். அடுத்த படியோடு சேருங்கள், ஆனால் மூன்று அறையிலும் ஒரே மாதிரி. சிஎஃப்ஐ சரிவு 0.01-க்குள் என்ற சியூங், ரென்ஸ்வோல்டு 2002 விதியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஐட்டம் அளவில் டிஃப் (ஒரே ஒட்டுறவு உள்ளவர்கள் குழுவைப் பொறுத்து வேறு விடை தருவது) பாருங்கள், குறிப்பாக "வெளியாள்" என்ற பொருளில் வரும் வரிகளில். ஆறு மாதம் முன் மதுரையிலிருந்து வந்தவருக்கு "இங்கே நான் வெளியாள்" என்பது விலாசம். மூன்று தலைமுறை அல்சூர்க்காரருக்கு அதே வரி காயம். ஒரே ஒட்டுறவு உள்ள இருவர் வேறு எண்ணைக் குறிப்பார்கள்.

அல்சூர்வாசி

600 பேருக்குக் காசும் காலமும் இல்லை. எதை வெட்டலாம்?

காரணிக்கணக்கு

படிக்கும் அறையை. ஒலி வடிவத்தை மட்டும் வேலிடேட் செய்து, "கேட்டுப் பதிலளிக்கும் வடிவம்" என்று தலைப்பிலேயே போடுங்கள். படிக்க வரும் 200, வராத 200. எல்லாருக்கும் ஆகும் என்று சொல்லி எவருக்கும் ஆகாததைவிட மேல்.

டெஸ்ட்–ரீடெஸ்ட்டை (அதே ஆட்களிடம் மறுபடி அளப்பதை) வெட்டாதீர்கள். அந்த 400-லிருந்து 100 பேர், குறைந்தது 50, இரண்டு வார இடைவெளி. பியர்சன் தொடர்பெண் போதாது, எல்லாருக்கும் ஐந்து மதிப்பெண் கூடினாலும் அது 1.00 காட்டும். முழு உடன்பாட்டு ஐசிசி (இரண்டு முறையும் மதிப்பெண் அப்படியே ஒத்துப்போகிறதா என்று காட்டும் எண்) எடுங்கள். கணக்குக்காக, திட்டவிலக்கம் 16, ஐசிசி 0.84 என்று வையுங்கள். அளவீட்டுப் பிழை 16 × √0.16 = 6.4. ஒரே ஆளிடம் 95 விழுக்காடு உறுதியோடு மாற்றம் என்று சொல்ல 1.96 × √2 × 6.4, அதாவது ஏறத்தாழ 18 மதிப்பெண் நகர வேண்டும். கவுன்சலிங்குக்குப் பின் 10 கூடியது என்று தனி ஆளைப் பற்றி எழுத முடியாது.

வெளி அளவீட்டில் லப்பன் 6-ஐட்ட அளவுகோலையும் சேருங்கள். அது ஆட்களின் எண்ணிக்கையையும் சந்திப்பையும் கேட்கிறது, 0 முதல் 30, 12-க்குக் கீழ் தனிமைப்படல் அபாயம். எட்டுப் பேர் குடும்பத்தில் இருப்பவர் அதில் உயர்ந்தும் ஒட்டுறவில் தாழ்ந்தும் வரலாம். ஆகவே மிதமான தொடர்புதான் எதிர்பார்ப்பு. யுசிஎல்ஏ-வோடு வலுவான எதிர்த்தொடர்பு. ஆனால் அது 0.90-ஐ நெருங்கினால் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறீர்கள். எதிர்பார்ப்பை முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்யுங்கள்.

கண்டோன்மெண்ட்_களம்

பிஎச்க்யூ-9 வச்சீங்கன்னா ஒன்பதாவது கேள்வி சாக நினைப்பு பத்தி. பேர் வாங்காத ஆய்வுல ஒருத்தர் அங்கே 2, 3 போட்டா யாரைத் தேடிப் போவீங்க? அந்தக் கேள்வி இல்லாத பிஎச்க்யூ-8 எடுங்க. இல்லேன்னா பதில் வந்த உடனே என்ன செய்யணும்னு களத்துல இருக்கறவருக்கு எழுதிக் கொடுங்க. எப்படியும் கடைசித் திரையில, அட்டைக்குப் பின்பக்கம், மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கட்டும். அப்புறம், கமிட்டி ஒப்புதல் ஃபார்முக்குத்தானே வாங்கினீங்க? ஒலிக்கு மாறினா திருத்த மனு போடணும். சம்மதப் படிவமும் ஒலியா வேணும்.

அல்சூர்வாசி

சரி. ஆறு நிபுணர், ரெண்டு தமிழாக்கம், மூணு சுற்று இன்டர்வியூ, ஒலி வடிவம் மட்டும், 400 பேர். திருத்த மனுவை இந்த வாரமே போடறேன். கடைசியா ஒண்ணு: ஒலிப்பதிவு ஆண் குரலா, பெண் குரலா? ரெண்டும் எடுத்து ஆளுக்குத் தக்கபடி போடலாமா?

சொல்லாய்வு

ஒரே குரல், எல்லோருக்கும். இந்தி மொழியாக இருந்தால் "நான் உணர்கிறேன்" என்பதே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு பதிவு வேண்டும். தமிழில் தன்மை வினைக்குப் பால் இல்லை, அந்தச் செலவு மிச்சம். நெல்லையோ கோவையோ தெறிக்காத, இந்த ஊரில் வளர்ந்த ஒரு பெண் குரலாக எடுங்கள். வாசிப்பவர் எதிர்மறை வரியில் குரலைத் தாழ்த்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரக்கம் தொனித்தால் பதில் சாயும்.

கண்டோன்மெண்ட்_களம்

ஐட்டத்துக்கு ஒரு கோப்பு, நடுவுல 4 விநாடி மௌனம், "திரும்பக் கேக்கணும்னா கட்டை விரலைக் காட்டுங்க"ன்னு ஆரம்பத்துலயே ஒரு வரி. எத்தனை தடவை திரும்பக் கேட்டாங்கன்னு ஐட்டம் வாரியா குறிச்சு வைங்க, எந்த வரி இன்னும் தமிழாகலைன்னு அந்த எண்ணே காட்டிக் கொடுத்துடும்.